அம்மா ஏற முடியாத வண்டி

வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்தவனை நம்பலாம். ஒன்றும் தெரியாதவனையும் நம்பலாம், அவன் எதையும் தொடமாட்டான். பழைய புத்தகக் கடையில் ஒரு பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தூக்குகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், இருபத்தைந்து வயதில், செம்பாக்கத்தில் அப்படி ஒருவன் இருந்தான். மீசை சரியாக வளரவில்லை, ஆனால் அபிப்பிராயங்கள் நன்றாக வளர்ந்திருந்தன. அவன் நான்தான்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு பெரிய வண்டி இருந்தது. ஜீப் மாதிரி உயரம், வேன் மாதிரி நீளம், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட். அப்பா அதை வாங்கியதற்கு ஒரே காரணம் அம்மாவின் முழங்கால். அம்மாவால் பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாது. அக்கா செல்வியை மறைமலை நகரில் கட்டிக் கொடுத்திருந்தோம். மகளைப் பார்க்கப் போக முடியாமல் மாதக்கணக்கில் தவித்தாள் அம்மா. அப்பா தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். வண்டி வந்த மறுநாளே, பக்கவாட்டில் அகலமான இரும்புப் படி ஒன்றைத் தானே அளவெடுத்து வெல்டிங் வைத்து, வழுக்காமலிருக்க ரப்பரும் ஒட்டினார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி முடித்ததும் அம்மா அந்தப் படியில் கால் வைத்து ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். "போதும், ரப்பர் தேஞ்சிடப் போவுது" என்று அப்பா சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

எனக்கு மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நட்டுகளின் அளவு சரியா என்று பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். (ஒரே சைஸ் நட்டுதான். வேறு சைஸை இன்னொருவர் பார்ப்பார்.) நட்டு தெரிந்தவனுக்கு வண்டி முழுவதும் தெரியும் என்பது என் எண்ணம். அந்த நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷன் வாசல் பிளாட்பாரத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கிடைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர், மனைவி குழந்தைகளோடு போகிற சாதாரண வண்டியைப் பாறை, ஆறு, சேறு எல்லாவற்றிலும் போகிற வண்டியாக மாற்றியிருந்தார். படம் படமாகப் போட்டிருந்தார்கள். நாலு நாள் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினேன்.

நாங்கள் பாறைக்குப் போகப் போவதில்லை. ஆறும் கிடையாது. எங்கள் வண்டி கடந்த மிகப் பெரிய இயற்கைத் தடை, வேளச்சேரி சாலையில் படுத்திருக்கும் எருமை. இதையெல்லாம் யோசிக்கிற வயதில் நான் இல்லை.

சானடோரியம் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருந்த தேவராஜ் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோய்ப் பத்திரிகையை விரித்தேன். அவர் கைத்துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படங்களைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? வூட்டு வண்டிய இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்ற?"

"இது ஆஃப் ரோடு அண்ணா. உங்களுக்குப் புரியாது."

"ரோட்ட வுட்டுட்டு எங்க போவப்போற?"

நல்ல கேள்வி. இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பிடிவாதமாக நின்றேன். நாலு பக்கமும் கூடுதல் ஸ்பிரிங் பிளேட்டுகள் வைத்து வண்டியைத் தூக்கினோம். பழைய ராணுவ லாரி டயர் மாதிரி பெரிய டயர்கள் போட்டோம். தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சுவிட, கூரை வரை ஒரு குழாய் ஏற்றினோம். (அதில் ஒரு குருவி கூடு கட்டப் பார்த்தது. தெருவில் அதற்குப் புகைபோக்கி என்று பெயர்.) பின் பெஞ்சுகளைக் கழற்றி, கயிறும் மண்வெட்டியும் வைத்தேன். கடைசியாக, பத்திரிகைக்காரர் சொன்னபடி, கல்லில் இடிக்கும் என்று பக்கவாட்டுப் படியை அறுத்து எடுக்கச் சொன்னேன்.

தேவராஜ் அண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சார், இது உங்க நைனா அம்மாக்கோசரம் வெச்ச படி. வேணாம் சார்."

"எடுங்கண்ணா."

எடுத்தார்.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தியபோது அப்பா அதைச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "படி எங்கடா?"

"அது கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு இடைஞ்சல்ப்பா."

தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு ஆங்கிலப் பெயர் அது. நான் ஆங்கிலத்தில் ஒன்றைச் சொன்னால் அப்பா அதற்கு மேல் பேசமாட்டார். பையன் படித்தவன், சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அந்த நம்பிக்கையை உபயோகித்தேன். டயரையும் குழாயையும் நினைத்து இன்று சிரிக்க முடிகிறது. இதை நினைத்து முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்விக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். அம்மா வீட்டிலிருந்து ஏழு வகைச் சாதம் கட்டிக்கொண்டு போக வேண்டும். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முதல் வளையலை அம்மா போட வேண்டும். விருந்து முடிந்ததும் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அம்மா அந்த வருஷம் முழுக்கக் காத்திருந்தாள். செல்விக்கென்று அறையில் புதுப் பாய் விரித்து, ஜன்னலுக்குப் பழைய புடவையில் திரை தைத்துப் போட்டிருந்தாள்.

காலையில் அம்மா பட்டுப்புடவையோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். வண்டியின் தரை அவள் இடுப்புக்கு மேலே இருந்தது.

"இதுல எப்படிடா ஏறறது?"

கடையில் உயர அலமாரிக்குப் போட்டு ஏறும் இரும்பு ஸ்டூல் ஒன்று வீட்டில் கிடந்தது, அப்பா அதைக் கொண்டுவந்தார். அப்பா கையைப் பிடித்து இழுக்க, அத்தை பின்னாலிருந்து தள்ள, அம்மா முனகிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. அத்தை அப்பாவின் அக்கா, வாய்க்குப் பூட்டு கிடையாது. "உங்கம்மாவ கோயில் யானை மேல ஏத்தற மாதிரி ஏத்தினோம்டா" என்றாள். நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் கிளம்பினோம். ஸ்டூல் தெருவிலேயே நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

முகூர்த்த நாள். பெருங்களத்தூரில் பஸ்ஸும் வேனும் லாரியும் அசையாமல் நின்றன. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இந்த மாதிரி ஒரு தருணத்துக்காகத்தானே அந்த வெள்ளைக்காரர் பாடுபட்டார்!

"நேராவே போடா, நகரும்" என்றாள் அம்மா.

"நெரிசல் மத்தவங்களுக்கும்மா. நம்ம வண்டிக்கு இல்ல" என்று சொல்லி, வற்றிக் கிடந்த ஒரு ஏரிக்குள் வண்டியை இறக்கினேன்.

கோடையில் வற்றிய ஏரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சேறாக இருந்தபோது எருமைகள் நடந்த குளம்புத் தடங்கள் அப்படியே காய்ந்து கல்லாகியிருக்கும். என் வண்டியின் ஸ்பிரிங்கோ கூடுதல் பிளேட்டுகளால் வளைய மறந்திருந்தது. ஒவ்வொரு குளம்புக்கும் நாங்கள் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தோம். அப்பா முன்சீட்டில் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நடு சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் அத்தை வளையல் பெட்டியை வயிற்றோடு கட்டிக்கொண்டு, "அய்யய்யோ! உரல்ல போட்டு இடிக்கிற மாதிரி கீதுடா! நிறுத்துடா டேய்!" என்று அலறினாள். பின்னால், பெஞ்சுகள் இருந்த இடத்தில், ஏழு பாத்திரங்களும் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. அம்மா இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம்தான், அக்கரை தெரிகிறது என்று ஓட்டினேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். வண்டி எங்கும் மாட்டவில்லை, ஜம்மென்று கரையேறியது. வண்டி பாஸ். உள்ளே இருந்தவர்கள்தான் ஃபெயில்.

செல்வி வீட்டு வாசலில் நிறுத்தியபோது பத்தேகால். மேளம் இல்லாத குறைதான், பந்தலில் இருந்த எல்லாரும் வண்டியைப் பார்க்க வெளியே வந்துவிட்டார்கள். அப்பா குதித்தார். அத்தையை இரண்டு பேர் இறக்கினார்கள். அம்மா கதவோரம் வரை நகர்ந்து வந்து கீழே பார்த்தாள். ஸ்டூல் செம்பாக்கத்தில் இருந்தது. ஏரியில் குலுங்கியதில் முழங்கால் வீங்கி மடங்கவும் மறுத்தது.

"தூக்கி இறக்கட்டுமாம்மா?" என்றேன்.

"நீ சும்மா இருடா" என்றாள். அன்று அவள் என்னைத் திட்டியது அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பெஞ்சு தேடி ஓடினார். ஒருவர் செங்கல் கொண்டுவந்தார். சம்பந்தியம்மா மணியைப் பார்த்து, "நேரம் போவுதே" என்று கையைப் பிசைந்தார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வி வந்தாள். அலங்காரம் எல்லாம் செய்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, வண்டியை ஒட்டி நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"இங்கயே போடும்மா."

அத்தை பெட்டியைத் திறந்து நீட்டினாள். அம்மா வண்டியில் உட்கார்ந்தபடியே குனிந்து, மகளின் கையில் முதல் வளையலைப் போட்டாள். மணி பத்து இருபத்தைந்து. பெண்கள் குலவை இட்டார்கள். பிறகு, செல்வி உட்காருவதற்கென்று பூச்சுற்றி வைத்திருந்த நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு, அதன்மேல் கால் வைத்து அம்மாவை இறக்கினார்கள். பூவெல்லாம் நசுங்கிப் போனது.

விருந்தில் பாத்திரங்களைத் திறந்தார்கள். புளிச்சாதம், எலுமிச்சை, தேங்காய், மாங்காய், புதினா, தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழாகப் போனவை ஒன்றாக வந்திருந்தன. தயிர்சாதத்தில் முந்திரி. சர்க்கரைப் பொங்கலில் புதினா. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு, சற்று யோசித்து, "இது எந்த ஊர் பக்குவம்?" என்று மரியாதையாகக் கேட்டார். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற அம்மா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நேரம் வந்தது. செல்வியின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. சம்பந்தியம்மா வண்டியை ஒருமுறை பார்த்தார், செல்வியின் வயிற்றை ஒருமுறை பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. புள்ளத்தாச்சிய இதுல எப்படி ஏத்தி அனுப்பறது? அடுத்த நல்ல நாள்ல வேற வண்டி கொண்டாங்க, நானே கூட வந்து விடறேன்."

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அப்பா தலையாட்டினார். பெட்டி உள்ளே போனது. அம்மா நாற்காலியில் ஏறி, வண்டியில் ஏறி, திரும்பும் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜி.எஸ்.டி. சாலையில் அவ்வளவு மெதுவாக நான் என்றுமே ஓட்டியதில்லை. செம்பாக்கத்தில், காலையில் வைத்த அதே இடத்தில் தெரு நடுவே ஸ்டூல் நின்றது. சைக்கிள்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

அடுத்த நல்ல நாள் பத்து நாள் தள்ளி. குழந்தை பஞ்சாங்கம் பார்க்கவில்லை, ஏழாம் நாளே பிறந்துவிட்டது. தகவல் வந்ததும் அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனோம். போய்ச் சேர்ந்தபோது பேத்தியைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியிருந்தார்கள். செல்வி வலியில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். மாப்பிள்ளை இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருக்கலாம். பாயும் திரைச்சீலையும் போட்ட அந்த அறையின் வாசலை நான் ரொம்ப நாள் வேகமாகக் கடந்து போவேன்.

மறுநாளே தேவராஜ் அண்ணனிடம் போனேன். எல்லாவற்றையும் கழற்றி, பழையபடி ஆக்கச் சொன்னேன். படிக்குப் புதிதாக இரும்பு வாங்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் பெஞ்சுக்கு அடியிலிருந்து அதே படியை, ரப்பர்கூடக் கிழியாமல், இழுத்துப் போட்டார்.

"நீ வருவேன்னு தெரியும் சார். அதான் காயலான் கடைக்குப் போடல."

வண்டி அதற்கப்புறம் பல வருஷம் ஓடியது. அம்மா நினைத்தபோதெல்லாம் மகள் வீட்டுக்குப் போய் வந்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும், காலடியில் கண்ணுக்கு நேராகப் படி இருக்கும்போதே, "படி இருக்காடா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். எங்கள் வீட்டில் மீந்ததையெல்லாம் ஒன்றாகக் கிளறினால் அதற்குப் பெயர் கிளியரன்ஸ் சாதம். அந்தப் பேத்தி தீபா பேசப் பழகிய நாளிலிருந்து நான் அவளுக்கு லாரி மாமா.

தீபாவுக்குப் போன வருஷம் வளைகாப்பு. செல்வி போன் செய்தாள். "சாதம் நாங்க பார்த்துக்கறோம். நீ அதுகிட்ட வராத. அம்மாவ மட்டும் கூட்டிட்டு வா." இப்போது என்னிடம் இருப்பது தரையை ஒட்டிப் போகிற சின்னக் கார். எண்பது வயது அம்மா கதவருகே வந்து நின்றாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக் கீழே பார்த்து, "படி எங்கடா?" என்றாள். அப்பா கேட்ட அதே வார்த்தை. அவர் இப்போது இல்லை.

டிக்கியைத் திறந்து அந்த இரும்பு ஸ்டூலை எடுத்து வைத்தேன். எந்த வண்டி வாங்கினாலும் அது முதலில் ஏறிவிடும். அம்மா ஒரு காலை அதன் மேல் வைத்து, சுற்றி நின்றவர்கள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, காலை எடுத்துவிட்டு, நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"நேரா ரோட்லயே போடா" என்றாள்.