அசையாத ஊசி

தோட்டத்து ஜனங்களுக்குத் தொலைக்காட்சி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கும் ஜனங்களுக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. 1984-இல் கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் மண்டபத்துத் தொலைக்காட்சியில் மட்டும் பத்து மாதமாகப் புள்ளி மழை பெய்துகொண்டிருந்தது.

பால்மரம் வெட்டும் தாயம்மாவுக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, மகள் கங்காவின் கடிதம் வரும்வரை. கோலாலம்பூரில் அவள் ஆடிய நடனம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒளியேறுகிறதாம். ஒரே தடவைதான். மகள் ஆடித் தாய் பார்த்ததே இல்லை. உடனே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ரெங்கசாமியைப் பிடித்துத் தொலைத்தொடர்பு இலாகாவுக்கு மனு எழுத வைத்தாள். மனு கனமாக இருக்கட்டுமே என்று அவரும், "மேற்படி ஐந்து மணி நிகழ்ச்சியை முன்னிட்டு ஏரியலைச் சோதித்து ஆவன செய்யுமாறு" என்று எழுதிவிட்டார்.

இலாகா ஆவன செய்தது. ஞாயிறு ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி தேவதாஸ் வந்திறங்கினார். கழுத்தில் ஓர் அளவுப் பெட்டி, அதில் ஓர் ஊசி. வந்ததும் தொலைக்காட்சியிலிருந்து ஏரியல் வயரைப் பிடுங்கித் தம் பெட்டியில் செருகினார்.

"ஐயா, இருந்த படமும் போச்சே!" என்றாள் தாயம்மா.

"போகாம? வயரு எங்கிட்டல்ல இருக்கு."

"அஞ்சு நிமிசம் குடுங்கலா. எம்பொண்ணு ஆடப் போறா."

"புகார் சொன்ன நிகழ்ச்சி ஓடும்போதுதாம்மா அளக்கணும். நேரம் போட்டது நீங்கதானே? சோதனை அரை மணி நேரம்."

"படம் தெரிய வேணாமா?"

"படம் வேற இலாகா. நான் ஏரியல் மட்டும்."

தாயம்மா வயரைப் பிடுங்கப் போனாள். கிராணி பதறிப்போனார். "தாயம்மா, அது அரசாங்க வயரு!"

"நம்ம வயருதானே?"

"பெட்டிக்குள்ள போனப்புறம் அரசாங்கத்தோடது."

பிறகு கிராணியே வெளியே போய், அதிகாரி சொன்னபடி ஏரியல் கம்பத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஐந்தேகாலுக்கு ஊசி விருட்டென்று எழுந்து உச்சியில் நின்றது.

"பாருங்கம்மா, உங்க பொண்ணு முழுசா வந்துக்கிட்டிருக்கா!" என்றார் தேவதாஸ்.

மண்டபமே அளவுப் பெட்டியைச் சூழ்ந்துகொண்டது. யாரோ கைதட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாயம்மாவும் ஊசியைப் பார்த்தாள்.

ஐந்தரைக்கு வயர் தொலைக்காட்சிக்குத் திரும்பியது. சமையல் எண்ணெய் விளம்பரம் பளிச்சென்று தெரிந்தது. "குறை திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது" என்ற தாளில் தாயம்மா கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் கங்கா லயத்து வீட்டுக்கு வந்தாள். "என் டான்ஸ் எப்படிம்மா இருந்துச்சு?"

தாயம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு வேலம்மா முந்திக்கொண்டாள்.

"அத ஏன் கேக்குற போ! நீ ஆடி முடிக்கிற வரைக்கும் ஊசி கொஞ்சங்கூட அசையலடி!"