சிலிக்கான் வைத்து அடைத்த ஆறு பல்புகள்

மாமனார் வீட்டில் மருமகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே பாதி மரியாதை தானாக வந்துவிடும். இது எனக்குத் தெரியாமல் போனது. நான் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் ஆள். மின்சாரப் பெட்டியின் காற்றுத் துளையை யாராவது அட்டை வைத்து மறைத்தால் அன்றைக்கு அவருக்கு என்னிடம் அர்ச்சனை நிச்சயம். 'எலக்ட்ரானிக்ஸுக்குச் சூடுதான் எமன்' என்று என் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.)

என் மனைவி கலைவாணிக்குப் பொதட்டூர்பேட்டை பக்கம். மாமனார் ஏழுமலைக்கு நெல் வயல், பம்ப் செட், அசைக்க முடியாத அபிப்பிராயங்கள் எல்லாம் உண்டு. நிலபுலன் உள்ள மாப்பிள்ளையாகத் தேடியவருக்கு, செவ்வாப்பேட்டை வாடகை வீட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறுகிற நான் வாய்த்தேன். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் ஒரு தடவைகூட என்னை 'மாப்ளே' என்று கூப்பிட்டதில்லை. "கும்மிடிப்பூண்டிக்காரரே, நாஷ்டா ஆச்சா?" அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏங்கிய ஏக்கத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் மச்சினி பவித்ராவைப் பெண் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். மழை ஓய்ந்த சமயம். விளக்கைப் போட்டால் போதும், வயலிலிருந்து பச்சைப் பூச்சி படையெடுத்து வரும். அத்தை அதற்காக பல்புக்குப் பக்கத்தில் எண்ணெய் தடவிய காகிதத்தைத் தொங்கவிடுவார். பூச்சி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். "சம்பந்தி வரும்போது இது நல்லா இருக்காது அத்தை, நான் பாத்துக்கறேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

மூன்று வாரம் முன்னதாகவே போய் ஹாலில் ஆறு ஸ்மார்ட் பல்பு மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி உருண்டை போட்டு மூடினேன். பூச்சி நுழையக் கூடாதென்று உருண்டையின் விளிம்பைச் சுற்றி சிலிக்கான் பசையைத் தாராளமாக அப்பினேன். எறும்புகூடப் போக முடியாது. காற்று எப்படிப் போகும் என்று ஒரு ஆளாவது கேட்டிருக்கலாம்.

செல்போனில் தட்டினேன். ஹால் தங்க நிறத்தில் ஜொலித்தது. மாமனார் அண்ணாந்து பார்த்தார்.

"ஏன், சுச்சுக்கு இன்னா ஆச்சு?"

"சுச்சைத் தொடவே கூடாது மாமா. எல்லாம் போன்லதான்."

"அப்ப போனு இல்லாதவன் இருட்டுல ஒக்காரணுமா?"

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை. நான் எத்தனை சொல்லியும் அணைத்துக்கொண்டே இருந்தார். "எங்க நைனாவ நீ மாத்த முடியாது, பேஜாரு பண்ணாத" என்றாள் கலைவாணி. (அங்கெல்லாம் அப்பாதான் நைனா.) நான் விடுவேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், ஆறு சுவிட்சையும் போட்டுவிட்டு மேலே டேப் ஒட்டினேன். அவர் கட்டிய வீட்டில், அவருடைய சுவிட்சை, அவரே தொடாதபடி! என்ன திமிர் எனக்கு!

எல்இடி சுலபத்தில் சாகாது. அதற்குச் சோறு போடுகிற சர்க்யூட்தான் உள்ளே வெந்து சாகும். அதிலும் ஸ்மார்ட் பல்பைப் போனில் அணைத்தாலும், எஜமான் எப்போது கூப்பிடுவாரோ என்று ஒரு பாகம் விழித்துக்கொண்டே இருக்கும். சூடு கொஞ்சம்தான், ஆனால் வெளியே போக வழி வேண்டுமே. போதாக்குறைக்குப் பக்கத்தில் பம்ப் செட். அது ஓடும்போதும் நிற்கும்போதும் வோல்டேஜ் ஏறி இறங்கும். இத்தனையும் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு நான் வகுப்பெடுக்கிற பாடம்.

பெண் பார்க்கும் நாளில், வீடு களையாக இருக்கட்டும் என்று மதியத்திலிருந்தே ஆறையும் முழு வெளிச்சத்தில் வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும், "லைட்டுலாம் ஜோரா கீதே" என்றார். மாமனார் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சத்தியமாகப் பார்த்தேன்.

பவித்ரா காபித் தட்டோடு வந்தாள். முதல் பல்பு படபடத்து அணைந்தது. அவள் இரண்டடி வைப்பதற்குள் இரண்டாவதும் போனது.

மாமனார் எழுந்தார். மக்கர் பண்ணுகிற டியூப் லைட்டுக்கு அவர் ஆயுசெல்லாம் பார்த்த வைத்தியம் ஒன்று உண்டு. டேப்பை ஒரே பிடியில் கிழித்துவிட்டு, எல்லா சுவிட்சையும் சேர்த்து டக் டக், டக் டக், டக் டக் என்று அணைத்து அணைத்துப் போட்டார்.

"வேணாம் மாமா!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பல்பை மூன்று முறை அணைத்துப் போட்டால், தன்னை வேறு போனோடு சேர்க்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். சேர்கிறவரை விடாமல் சிமிட்டும். மிச்சமிருந்த நான்கும் சிமிட்ட ஆரம்பித்தன. பெண் பார்க்கும் கூடம் கரகாட்ட மேடையானது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

போனைத் தட்டினேன். 'புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்றது. காத்திருக்கிற நிலையிலா இருந்தேன்? ஸ்டூலில் ஏறி உருண்டையைத் திருகினேன். அசையவில்லை, ஒட்டினது நானாச்சே. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பல்பு வரவில்லை. கூரையின் பூச்சு வந்தது. ஒரு பகுதி என் தலையில், மீதி கேசரித் தட்டில்.

கீழேயிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"மாப்ளே, எறங்குங்க. மெயின ஆப் பண்றேன்."

இரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை. தலை நிறைய சுண்ணாம்போடு ஸ்டூலில் நின்றபடி வாங்கிக்கொண்டேன். அழுகையே வந்துவிட்டது.

மாமனார் பம்ப் செட் அறைக்குப் போய், அங்கே தனி லைனில் எரிந்துகொண்டிருந்த சாதாரண பல்பை ஹோல்டர், நீள வயரோடு இழுத்துவந்து ஜன்னல் கம்பியில் கட்டினார். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் வருடக்கணக்காக மூடியில்லாமல் எரிகிற பல்பு அது. அத்தை எண்ணெய்க் காகிதத்தைப் பக்கத்தில் தொங்கவிட்டார். பூச்சிகள் நிம்மதியாக வந்து ஒட்டின.

மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் பவித்ராவைச் சரியாகப் பார்த்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தட்டில் ஒரு சொட்டு காபி சிந்தவில்லை.

"இவ்ளோ கூத்து நடந்துக்கினு கீது, பொண்ணு தட்ட வுடல பாரு. எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

ஆக, கல்யாணத்தை நடத்தி வைத்தது என் பல்புகள்தான். இந்த வாதத்தை நான் பலமுறை முன்வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் ஏற்கவில்லை. ஹாலில் ஒரு உருண்டை மட்டும் இன்னும் கழற்ற வராமல் அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கு மாமனார் அனுப்பும் சீரில் அரிசி, வெல்லம், வேட்டியோடு ஒரு சாதாரண பல்பும் வருஷம் தவறாமல் வருகிறது. எங்கள் வீட்டில் இப்போது எரிவதெல்லாம் அவைதான், ஒன்றுகூடப் போகவில்லை.

அன்றிலிருந்து அவர் என்னை மாப்ளே என்றுதான் கூப்பிடுகிறார். பவித்ராவின் வளைகாப்பில்கூடப் பந்தல் போட வந்தவர்களிடம் என் தோளில் கைபோட்டு, வாய் நிறைய அறிமுகப்படுத்தினார்:

"இவுரு எங்க பெரிய மாப்ளே. லைட்டுகிட்ட மட்டும் வுட்டுடாதீங்க."