பொறுங்க பாஸும் எல்லை ஊர் ஹோட்டலும்

துப்பாக்கி பிடித்த சிப்பாயைப் பார்த்து ஒற்றைக் கையை உயர்த்தி, "பொறுங்க" என்று தமிழில் சொல்லி, அவனை உண்மையாகவே பொறுக்க வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவருடைய சொந்த ஊர் புசல்லாவை. நேரில் பார்த்த சாட்சி நான். அந்த நேரத்தில் ஒரு வாழைமரத்துக்குப் பின்னால் நின்றேன் என்பதால் என் சாட்சியம் செல்லாது என்று யாரும் சொல்லக் கூடாது. வாழைமரம் மெலிந்தது. எல்லாம் தெரிந்தது.

கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் செய்து அனுப்பும் பட்டறை ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஏற்றுமதிக் கடதாசிகளோடு மல்லுக்கட்டுகிறவன். அவர் மெஷின் பொருத்துகிறவர். கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கம் 'பாஸ்' என்று கூப்பிடுவோம். இவர் பொறுங்க பாஸ்.

எந்த மெஷினையும் தொடுவதற்கு முன் வலது கையைத் தூக்கி, "பொறுங்க" என்பார். பட்டறையே மூச்சை அடக்கும். தலையைச் சரித்துக் கொஞ்ச நேரம் கேட்பார். "மூணாவது பேரிங். இன்னும் ரெண்டு மாசம்தான் தாங்கும்" என்பார். சொன்னபடி இரண்டு மாதத்தில் அது போய்விடும்.

தொல்லை என்னவென்றால், இந்தக் காது பட்டறைக்கு வெளியிலும் வேலை செய்தது. முதலாளி கூட்டத்தில் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது "பொறுங்க" என்று எழுந்து, அவர் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைக் கேட்டார். கெலிஓயாவில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி, சாரதியை இறக்கிவிட்டு, அடியில் போய்ப் படுத்தார். ஒரு பஸ் சனம் அன்றைக்கு வேலைக்குப் பிந்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் சொந்தக் கல்யாணத்தில், தாலியைக் கையில் எடுத்த பிறகு, மண்டபத்து ஜெனரேட்டரின் சத்தம் மாறுவதைக் கேட்டு "பொறுங்க" என்றாராம். நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளை மனம் மாறிவிட்டார் என்று நினைத்துப் பெண்வீட்டார் அழத் தொடங்கிவிட்டார்கள். அவருடைய மனைவி இந்தக் கதையை இன்றைக்கும் சிரிக்காமல்தான் சொல்லுவார்.

இப்படிப்பட்டவரோடு என்னை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே கிழக்குப் பக்கத்து நாடு ஒன்றில் புதிதாகத் தேயிலைத் தொழிற்சாலை திறக்கிறார்கள். கொழுந்தைச் சுருட்டும் எங்கள் ரோலர் மெஷின் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பொருத்தப் பாஸ், கடதாசி பார்க்க நான். அந்த நாட்டுக்குப் பக்கத்து நாட்டில் விமானம் இறங்கி, பஸ்ஸில் குலுங்கி, ஒரு சின்ன எல்லை ஊரில் நடந்து கடக்க வேண்டும். இந்தப் பக்கத்து நாட்டுக்காரர்கள் 'வெளியேறினார்' என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்து அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார். மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தார்.

பாஸின் கடவுச்சீட்டில் சிவலிங்கம். தடுப்பூசி அட்டையில் சிவநாதன்.

அத்தனை கடதாசிகளும் என் மேசையைத் தாண்டி வந்தவை. அட்டையை நான் சரிபார்த்திருக்க வேண்டும். அதிகாரி இரண்டு கடவுச்சீட்டுகளையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மற்றக் கடதாசிகளுக்கெல்லாம் போட்டோக் கொப்பி எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பினார். திரும்பி வந்தபோது அவர் பாஸிடம் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களில், கையை ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பாஸ் சொல்லுறார்?"

"மேலதிகாரி வர்ற வரைக்கும் நிக்கச் சொல்றாரு சேர். வேற ஒண்ணுமில்ல."

ஒரு நாட்டை விட்டு வெளியேறியாயிற்று. மற்ற நாட்டுக்குள் போகவில்லை. கையில் கடவுச்சீட்டும் இல்லை. இரண்டு நாட்டுக் கம்பிவேலிக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. தெரு முழுக்க லொறிகள். லொறிக்காரர்கள் தங்குவதற்கு ஒரு மலிவு ஹோட்டல். அதன் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்தது. அது நின்ற இடத்தைப் பார்த்தால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

அறையில் இரண்டு கட்டில், ஒரு நுளம்பு வலை. வலையில் இருந்த ஓட்டைகள் நுளம்புக்கு அல்ல, புறாவுக்குப் போதுமானவை. கதவுக்குப் பூட்டு இல்லை. கதிரையைச் சாத்தி வைக்க வேண்டும். கதிரைக்கு ஒரு கால் இல்லை. ஹோட்டல்காரி ஆறடி உயரமான பெண். அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் அவளை மரியாதையாக, அம்மா என்ற பொருளில், 'மாமா' என்று கூப்பிட்டார்கள். பாஸுக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை.

"பொம்பளைய எப்படீங்க மாமாங்கிறது? நான் அக்காங்கிறேன்."

அவளுக்கு 'அக்கா' பிடித்துப்போயிற்று. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை.

முதல் நாள் முழுக்க நான் சாப்பிடவில்லை. "என்ர பிழை பாஸ். நான்தான் அட்டையைப் பார்த்திருக்க வேணும். உங்களையும் இதுக்குள்ள கொண்டுவந்து மாட்டிப்போட்டன்" என்று புலம்பினேன். அவர் என் தோளில் கை வைத்து, "மனுசன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். விடுங்க சேர்" என்றார். இவ்வளவு பெருந்தன்மையான மனிதரையா பட்டறையில் கேலி செய்தோம் என்று எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை, குளிக்கக் குழாயைத் திறந்தவர், "பொறுங்க" என்றார்.

ஹோட்டலுக்குப் பின்னால் தண்ணீர் மோட்டர் ஒன்று இருமிக்கொண்டு ஓடியது. நான் தடுக்குமுன் அதை நிறுத்தி, கழற்றி, துண்டு துண்டாகச் சாக்கில் பரப்பிவிட்டார். ஓடிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றது. லொறிக்காரர்கள் சவர்க்காரம் பூசிய உடம்போடு வெளியே வந்து கத்தினார்கள். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விட எல்லை அதிகாரியின் பார்வை எனக்கு இதமாகத் தோன்றியது.

அதற்கிடையில் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள்: பெட்டி நிறைய இரும்புச் சாமான்களோடு வெளிநாட்டுக்காரர் இருவர் வந்திருக்கிறார்கள், ஹோட்டலுக்குப் பின்னால் வயர்களைப் பிடுங்கி என்னவோ செய்கிறார்கள். நெட்டையான சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு வந்தான். உரத்த குரலில் ஏதோ கட்டளையிட்டான். நான் வாழைமரத்துக்குப் பின்னால் போனேன்.

பாஸ் அப்போது மோட்டரின் சுழலும் பகுதியைக் கையால் சுற்றி, அதில் காதை வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவேயில்லை. வலது கை மட்டும் உயர்ந்தது.

"பொறுங்க."

லொறிக்காரர்கள் சவர்க்கார நுரையோடு இரண்டடி பின்வாங்கினார்கள். துப்பாக்கியின் முனை பாஸின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனக்கண்ணில் கண்டிப் பட்டறையும், முதலாளியும், பாஸின் மனைவிக்கு நான் சொல்லப்போகும் முதல் வசனமும் வந்து போயின. அந்த வசனம் எனக்குக் கடைசி வரைக்கும் சரியாக அமையவில்லை.

பாஸ் தலையைத் தூக்கினார். துப்பாக்கியைப் பார்த்தார். அதை ஒரு பக்கம் தள்ளச் சொல்லிக் கையால் காட்டிவிட்டு, மோட்டரைச் சுட்டி, "இந்தா, நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார். சிப்பாய் என்ன நினைத்தானோ, குனிந்து காதை வைத்தான். பாஸ் சுற்றினார். சிப்பாயின் புருவம் உயர்ந்தது. "ஆ..." என்றான். பிறகு எங்கள் பெட்டியைக் கிளறிப் பார்த்து, ஹோட்டலை விட்டு அசையக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனான். நான் வாழைமரத்தை விட்டு வெளியே வர மத்தியானமாயிற்று.

அன்றைக்கும் மோட்டர் பொருந்தவில்லை. மூன்றாம் நாளும் பொருந்தவில்லை. மாமாவும் லொறிக்காரர்களும் தெருமுனையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். பாஸ் ஒரு வொஷரை அரை மணித்தியாலம் துடைத்தார். ரோலரைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துகிற மனிதருக்கு இது ஏன் இவ்வளவு நேரம் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பயத்தில் இருப்பவனுக்கு யோசனை வராது.

மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு லொறிக்காரர் செய்தி கொண்டுவந்தார். மேலதிகாரி வந்திருக்கிறார். ஐந்து மணிக்குப் போய்விடுவார். இனி அடுத்த வாரம்தான் வருவார்.

"பாஸ், எழும்புங்கோ! கெதியா வாங்கோ!"

"மெஷினைத் திறந்து போட்டுட்டு எப்படீங்க வர்றது? அக்கா என்ன நெனைக்கும்?"

"பாஸ், ஒரு கிழமை இங்க கிடக்க வேண்டி வரும். வாறியளோ இல்லையோ?"

"நீங்க போய்ப் பேசுங்க சேர். நான் இத முடிச்சிடுறேன்."

எனக்கு விசர் பிடித்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, தனியாக ஓடினேன்.

மேலதிகாரி அமைதியானவர். என் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி நீட்டினார். "நீங்கள் போகலாம். உங்கள் நண்பரை விட முடியாது" என்றார். பெயரில் நேர்ந்த பிழை என்னுடையது என்று நான் மன்றாடினேன். அவர் முதல்நாள் அதிகாரியைப் பார்த்தார். அந்த அதிகாரி என்னை வியப்போடு பார்த்தார்.

"உங்கள் நண்பர் சொல்லவில்லையா? பக்கத்து அறையே கிளினிக்தான். அங்கே ஊசி போட்டுக்கொண்டால் புது அட்டை தருவோம், உடனே போகலாம் என்று அன்றைக்கே சொன்னேனே!"

வெளியே வந்து கம்பிவேலிக்குப் பக்கத்தில் நின்றேன். என் கையில் கடவுச்சீட்டு. எதிரே திறந்த கதவு. அந்தப் பக்கம் தொழிற்சாலைக்குப் போகும் வான் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஏறிப் போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஆனாலும், மொழி தெரியாத இரண்டு நாடுகளுக்கு நடுவே, சாக்கில் பரப்பிய நட்டுகளுக்கு முன்னால் தனியே குந்தியிருக்கும் அந்த மனிதரை நினைத்தேன். வானுக்கு முதுகைக் காட்டிவிட்டு ஹோட்டலுக்கு நடந்தேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு.

"ஏன் பாஸ் எனக்குச் சொல்லேல்லை?"

ஸ்பெனரைக் கீழே வைத்தார். "ஊசின்னா எனக்கு ஆகாதுங்க சேர். சின்ன வயசிலிருந்தே."

"அப்ப ஊரில எப்பிடிப் போட்டனீங்கள்?"

"போடல்லீங்க. தம்பிய அனுப்பிட்டேன்."

"தம்பியையோ?"

"என் பேரைச் சொல்லுடான்னு சொல்லித்தான் அனுப்புனேன். நர்ஸ் கேட்டதும் அவன் பேரையே சொல்லிட்டான். சிவநாதன் பொய் பேச மாட்டான்ங்க."

முதல் நாள் முழுக்க நான் பட்டினி கிடந்ததும், என்ர பிழை என்ர பிழை என்று அழுததும், "விடுங்க சேர்" என்று அவர் என்னை மன்னித்ததும் ஒன்றாக ஞாபகம் வந்தன. கத்தினேன். நான் கத்தியது ஆங்கிலத்தில் என்று பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் வாளியோடு வந்த மாமா அப்படியே நின்றாள்.

"ஊசிக்கா?" என்று கேட்டாள். "இவர் ஊசிக்குப் பயந்ததற்காகவா நான் இரண்டு நாளாகத் தண்ணீர் சுமந்தேன்?"

வாளி கீழே விழுந்தது. பாஸ் பதறிப்போய், "பொறுங்க அக்கா, பத்து நிமிசம்" என்றார். உண்மையாகவே ஒன்பது நிமிடத்தில் அத்தனை துண்டுகளும் மோட்டராகின. மின் ஆளியைப் போட்டதும் தண்ணீர் மேல்தொட்டிக்குப் பாய்ந்தது. மோட்டரிலிருந்து இருமல் இல்லை, முனகல் இல்லை. மாமா அதற்கெல்லாம் மயங்கவில்லை. பாஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். தெரு நெடுக இழுத்துக்கொண்டு போனாள். லொறிக்காரர்கள் பின்னால் வந்தார்கள். மணி நாலே முக்கால்.

கிளினிக்கில் ஊசியைக் கண்டதும் பாஸ் வாசலைப் பார்த்துத் திரும்பினார். மாமா ஒரு பக்கம் பிடித்தாள், நான் மறுபக்கம் பிடித்தேன். என் விரல்களை அவர் நெரித்த நெரிப்பில் ஒன்று இன்றைக்கும் முழுதாக மடங்காது. "சேர், போய்டாதீங்க சேர்" என்றார். "எங்க போறது? இங்கதான் நிக்கிறன்" என்றேன். ஊசி போட்டு முடிந்து, நர்ஸ் அட்டையும் எழுதிவிட்டார். இவர் இன்னும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "எப்பங்க போடுவாங்க?" என்று கேட்டார்.

ஊசி பலன் தரப் பத்து நாளாகும், சட்டப்படி அதன் பிறகுதான் விட வேண்டும் என்று மேலதிகாரி முணுமுணுத்தார். மாமா மேசையில் இரண்டு கையையும் ஊன்றி அவரைப் பார்த்தாள். முத்திரை விழுந்தது.

ரோலரைப் பொருத்தினோம், அது ஓடியது, ஊருக்கு வந்தோம். பட்டறையில் இந்தக் கதையை நான் எவருக்கும் சொல்லவில்லை. அட்டையில் பெயர் பிழையானது என் கவனக்குறைவு என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்து ஏச்சு வாங்கினேன். இப்போது எழுதுவதற்குப் பாஸே அனுமதி தந்தார். "தம்பியோட நேர்மையை மட்டும் கொறச்சுடாதீங்க" என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அவர் வேலையை விட்டுப் புசல்லாவையோடு இருந்துவிட்டார். மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் அங்கே போகப் பஸ் ஏறுகிறேன். வீட்டில் கேட்டால் தேயிலை வாங்கப் போகிறேன் என்பேன். கண்டியில் தேயிலை கிடைக்காதா என்று என் மனைவி இதுவரைக்கும் கேட்டதில்லை.