நாலு டிராக் மலையாண்டி

நாலு பேர் செய்கிற வேலையை ஒரே ஆள் செய்கிற மாதிரி ஒரு மெஷின் வேண்டும் என்று மலையாண்டி கேட்டதும், காஜிமார் தெருவில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பீர் முகமது எடுத்து வைத்தது ஒரு மிக்சி.

மலையாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சட்டைப் பையில் இருந்தது மிக்சிக்கென்று கட்டிய சீட்டுப் பணம்தான். இரண்டு வருஷமாக அம்மியில் அரைத்துக்கொண்டே அந்தச் சீட்டைக் கட்டியவள் அவர் மனைவி ரெங்கம்மாள். வெளிநாட்டு மிக்சியாகப் பார்த்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் விளாங்குடியில் பஸ் ஏறியிருந்தார்.

"இது இல்ல பாய். பாட்டுப் பதியிற மெஷின். முதல்ல ஆர்மோனியத்தைப் பதியணும். அதைக் கேட்டுக்கிட்டே பாட்டு. அப்புறம் டோலக். அப்புறம் ஜால்ரா. எல்லாம் நானேதான்."

"குழுவுக்கு ஆள் கிடைக்கலையா தம்பி?"

ஆள் கிடைக்காததுதான் விஷயம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த மலையாண்டி, பன்னிரண்டு வருஷமாக அழகர் மேல் பாட்டு எழுதி வந்தார். சித்திரைத் திருவிழாவில் எத்தனையோ ஊர்க்காரர்கள் அவற்றைத் தொண்டை கிழியப் பாடினார்கள். எழுதியது யாரென்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு கேசட் அட்டையில் தன் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. போன வாரம் பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. காளவாசலில் இருக்கும் செண்பகப்பூ கேசட்ஸ் திருவிழாப் பாடல்களை வரவேற்கிறது. நால்வருக்குக் குறையாத இசைக் குழுக்கள் மட்டும் எழுதவும். தனி ஆட்கள் எழுத வேண்டாம். நேரில் வர வேண்டாம், தபால் மட்டும்.

பீர் முகமது மூன்று மெஷின்களை வரிசையாக வைத்தார். முதலாவது சிங்கப்பூரிலிருந்து வந்த புதுசு. உடம்பெல்லாம் குமிழ். விலையைக் கேட்டதும் மலையாண்டி அதன் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். இரண்டாவது, இரண்டு கேசட் போடுகிற சாதா டேப். ஒன்றை ஓடவிட்டு, கூடவே பாடி, இன்னொன்றில் ஏற்றிக்கொண்டே போகலாம். விலை மலிவு.

"ஆனா ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் இரைச்சலும் சேந்து ஏறும். நாலாவது ஆள் வர்றப்ப அடைமழை பேயிற மாதிரி இருக்கும்" என்றார் பாய். வியாபாரத்துக்காகக்கூடப் பொய் சொல்ல வராத மனுஷர் அவர்.

மூன்றாவது துபாயிலிருந்து திரும்பிய யாரோ விற்றுவிட்டுப் போன பழைய மெஷின். ஒரே கேசட்டில் நாலு டிராக். சத்தத்தின் அளவைக் காட்டும் முட்களில் ஒன்று வேலை செய்யாது. கரண்டைக் குறைத்துக் கொடுக்க, கூடவே ஒரு டிரான்ஸ்பார்மர் தொங்கியது. விலை சீட்டுப் பணத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

"ஒரு குறை இருக்கு தம்பி. ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் இதுல பதிய முடியும்."

"நானும் ஒரே ஆளுதானே பாய்" என்று மலையாண்டி பணத்தை எடுத்து நீட்டினார்.

வீட்டில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த ரெங்கம்மாள், இதில் எந்தப் பக்கம் தேங்காய் போடுவது என்று மட்டும் கேட்டாள். பாட்டு வெளியானதும் கம்பெனிப் பணத்தில் முதல் வேலை மிக்சிதான் என்று மலையாண்டி சத்தியம் செய்தார். அவள் அம்மிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைச் சாத்தி, திண்டுக்கல் ரோட்டு லாரிச் சத்தம் வராமலிருக்க ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வேலை நடந்தது. ஆர்மோனியம் வாசித்தார். பாடினார். டோலக் இல்லாததால் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துத் தட்டினார். ஜால்ரா அடித்தபடியே கோரஸும் கொடுத்தார். நாலையும் ஒன்றாகச் சேர்த்து வீட்டிலிருந்த பழைய டேப்பில் இன்னொரு கேசட்டாக எடுத்துக் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குடத்துக்குப் பின்னால் கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் விடாமல் வந்தது. ரெங்கம்மாள் வேண்டுமென்றே அன்றைக்கு மூன்று தடவை மசால் அரைத்திருந்தாள்.

குழுவுக்குப் பெயர் வேண்டும். அழகுமலை இன்னிசைக் குழு என்று எழுதினார். நாலு ஆட்கள் வேண்டும். பாட்டுக்கு அவரே, ஆர்மோனியத்துக்கு ஆபீஸ் வாட்ச்மேன் சுருளி, டோலக்குக்குப் பால்காரர் கருப்பு, ஜால்ராவுக்கு மச்சினன் பேயாண்டி என்று மனதில் வந்த பெயர்களைப் போட்டு அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. பச்சை மையில், ஒலிப்பதிவு இன்ஜினியர் கையெழுத்து. டோலக் கலைஞர் கருப்பு ஒரு மேதை. தாளத்தின் பின்னால் வரும் கரகர ஓசை இதுவரை யாரும் செய்யாத புதுமை. பாடகர் மலையாண்டியின் குரல்தான் உச்சத்தில் உடைகிறது. ஆர்மோனியக்காரர் சுருளியைப் பாட வைத்து அனுப்பவும்.

மலையாண்டிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த கருப்பை அவர் முறைத்த முறைப்பில், பாலில் தண்ணீர் கலப்பது தெரிந்துவிட்டதோ என்று அந்த மனுஷன் பயந்து அரைப் படி கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

பாட்டை மறுபடியும் பதிந்தார். இந்தத் தடவை மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு, சுருதியைக் குறைத்து, சுருளியாகப் பாடினார். டிரான்ஸ்பார்மர் சூடேறி மெஷின் மக்கர் செய்ததில் பழைய டோலக் டிராக் அழிந்துவிட்டதால் குடத்தையும் மறுபடி தட்ட வேண்டியிருந்தது. கரகரவுக்காக ரெங்கம்மாளிடம் போய் நின்று, கொஞ்சம் அரைக்க முடியுமா என்று கேட்டார்.

"மிக்சி இருந்தா இந்தச் சத்தம் வருமாங்க?" என்று கேட்டுவிட்டு அரைத்துக் கொடுத்தாள்.

இந்தத் தடவை இரண்டு கடிதங்கள் வந்தன. சுருளியின் குரல் தேன் என்றது பச்சை மை. கணக்குப் பிரிவிலிருந்து வந்த சிவப்பு மைக் கடிதம், நாலு பேருக்குப் பணம் கொடுப்பது கட்டுப்படியாகாது, குழுவில் தற்போது ஜால்ரா மட்டும் அடித்துவரும் மலையாண்டி என்பவரை நீக்கிவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்றது. சுருளி பாடப் போய்விட்டதால் பேயாண்டியை ஆர்மோனியத்துக்கு மாற்றிவிட்டு, தன்னை ஜால்ராவுக்குத் தள்ளியிருந்தார் மலையாண்டி.

அவர் எழுதின பாட்டு, அவர் வாசித்த ஆர்மோனியம், அவர் தொண்டை. அவரையே வெளியே போ என்கிறார்கள். ஆத்திரத்தில் பேனாவை இடது கையில் பிடித்து, சுருளி எழுதுவது போல் ஒரு கடிதம் எழுதினார். பாட்டெழுதிய மலையாண்டி இல்லாத குழுவில் நாங்கள் மூவரும் மூச்சுக்கூட விட மாட்டோம் என்று எழுதி மூன்று பெயர்களையும் போட்டார். திரும்பப் படித்தபோது அந்த மூன்று பேரின் விசுவாசம் அவர் நெஞ்சை உருக்கிவிட்டது.

அது முதலாளியின் நெஞ்சையும் உருக்கியிருக்க வேண்டும். ஊதா மையில், பெரிய முத்திரையோடு பதில் வந்தது. இப்படிப்பட்ட ஒற்றுமையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை. பாட்டு திருவிழாவுக்கு முன் வெளிவரும். வரும் ஞாயிறு நால்வரும் நேரில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும். கீழே மேனேஜர் கறுப்பு மையில், நால்வரில் ஒருவர் குறைந்தாலும் ஒப்பந்தம் கிடையாது என்று சேர்த்திருந்தார்.

வாட்ச்மேன் சுருளியைப் புது வேட்டி கொடுத்து இழுத்து வந்தார். கருப்புக்கு ஒரு மாதத்துக்கான பால் பணம் முன்பணமாகப் போனது. பேயாண்டி மட்டும் கடைசி வரை முரண்டு பிடித்தான்.

"மாமா, ஆர்மோனியத்தைத் தொட்டுக்கூடப் பாத்ததில்லையே. வாசிங்கன்னு சொல்லிட்டா?"

"வெரல்ல நகச்சுத்துன்னு சொல்லிரு மாப்ள."

காளவாசலில் டீக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது கம்பெனி. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு வரவேற்றார். பாடிக் காட்டச் சொல்வாரோ என்று சுருளியின் கண் மாடிப்படியிலேயே இருந்தது. பேயாண்டி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தான். மேனேஜர் அவர்களை விடப் பதற்றமாக இருந்தார். திரைக்குப் பின்னாலிருந்த அறைக்கு உள்ளும் வெளியுமாக நடந்தார். உள்ளே கனத்த குரலில் யாரோ அதட்டுவதும், இன்னொரு மெல்லிய குரல் கணக்குச் சொல்வதும் கேட்டது. மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"முதலாளி இன்னிக்கு ரொம்பக் கோவமா இருக்காரு. உங்களைப் பாக்க வேணாம்னுட்டாரு. சீக்கிரம் கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க."

இந்தக் கும்பிடத்தக்க கோபத்துக்காக மலையாண்டி அழகருக்கு மனதுக்குள் நன்றி சொன்னார். நால்வரும் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தம் உள்ளே போய் நாலு மையில் நாலு கையெழுத்தோடு திரும்பி வந்தது. பாடியவர் சுருளி, ஜால்ரா மலையாண்டி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, பாட்டு இயற்றியவர் மலையாண்டி. அந்த வரியைத் தடவிப் பார்த்தார். மேனேஜர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இவங்க நாலு பேரு, எங்க ஆபீஸ்ல நாலு பேரு, எட்டு டீ" என்று கீழே குரல் கொடுத்தார். வந்தது நாலு டீதான். குடித்துவிட்டு இறங்கினார்கள்.

கீழே டீக்கடைக்காரரிடம் மலையாண்டி நின்றார். ஒரு பெரிய கம்பெனியை ஏமாற்றிவிட்டோமே என்று கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. முதலாளியின் நல்லெண்ணத்தையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று நினைத்தார்.

"அண்ணே, மேல எட்டு டீ சொன்னாங்க. நீங்க நாலுதான் குடுத்தீங்க. முதலாளி ஏற்கெனவே கோவத்துல இருக்காரு, மிச்சத்தையும் கொண்டு போய்க் குடுத்துருங்க."

டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"முதலாளி, மேனேஜர், இன்ஜினியர், கணக்கப்பிள்ளை, அம்புட்டும் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர்தாண்ணே, அவருக்கு டீ ஒத்துக்காது."