பெல்லு சார் போட்ட மார்க்கு

பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்காமலே அதற்கு மார்க் போட்ட மனிதர், கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே எங்கள் பெல்லு சார் ஒருவர்தான்.

கல்வித் திட்டங்களை மதிப்பிடும் எங்கள் அலுவலகத்துக்கு மேலிடத்திலிருந்து படிவங்கள் வரும். பாடத்திட்டம், கற்பித்தல், கற்றல் விளைவு என்று கல்யாண ஜாதகத்தைவிட அதிகக் கட்டங்கள் இருக்கும். அவற்றையெல்லாம் சார் ஒழுங்காக நிரப்பிவிடுவார். ஆனால் அதற்கு முன்னால், கடைசி பெல் அடிக்கும் நேரத்தில் குடையோடு கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்வார்.

"பெல் அடிச்சதும் புள்ளைங்க தெறிச்சி ஓடியாந்தா திட்டம் ஃபெயிலு. உள்ளயே சுத்திக்கினு இருந்தா பாஸ். அவ்ளோதாம்பா."

திருக்கோவிலூரில் ஒருமுறை ஊர்க்காரர்கள் அவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று வளைத்துக்கொண்டார்கள்.

"கேட்டாண்ட இன்னாய்யா பண்ற?"

"பெல்லுக்காக நிக்கிறேங்க."

"ஐஸ் விக்கிறவன்கூட இப்படிச் சொல்ல மாட்டான். நட ஸ்டேஷனுக்கு."

தலைமையாசிரியர் ஓடிவந்து மீட்டார். சாருக்கு அந்த அவமானமெல்லாம் உறைக்கவே இல்லை. தலைமையாசிரியர் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, "இவரே பெல்லுக்குக் காத்துக்கினு இருந்தாரு போல" என்றார்.

கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி ஒரு மாலைநேரக் கல்வி மையம் இருந்தது. எங்கள் அறிக்கை சரியில்லை என்றால் மூடிவிடுவார்கள். அங்கே பாடம் எடுத்த செல்வி டீச்சர், சாரின் பெல் கணக்கை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்.

நாங்கள் போன அன்று, மரத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தார்கள். சார் முகம் மலர்ந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்:

"டீச்சர், கொடக்காரரு போய்ட்டாரா? ஒன்னுக்கு வருது."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சார் உள்ளே எட்டிப் பார்த்து, "எல்லாரும் வூட்டுக்குப் போங்க கண்ணுங்களா" என்றார். அடுத்த நிமிடம் மையம் காலி.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் சார் உக்காரச் சொன்னேன். அதுக்காக மூடிடாதீங்க. கீழ இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு இதுங்க அவ்ளோ தூரம் நடந்து போவாதுங்க சார்."

சார் குடையை விரித்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

"ஜீப்பு கெளம்புது சார்" என்றேன்.

"இருப்பா. இப்பதான் நெஜமான பெல்லு அடிச்சிகீது."

கொஞ்ச நேரத்தில் மேட்டுப்பக்கம் சத்தம் கேட்டது. பிள்ளைகள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குடம், மற்றவர்கள் கையில் சொம்பு. மையத்துக்குப் பின்னால் அவர்கள் களிமண்ணில் தங்கள் மலையைச் செய்து வைத்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றி ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டிய நாள் அது. எங்கள் வருகையால் பாடம் பாதியில் நின்றிருந்தது.

"டீச்சர், மழ ஊத்தலாமா?"

சார் குடையை மடக்கி என்னிடம் எறிந்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முதல் சொம்பை அவரே ஊற்றினார். முழங்கால்வரை சேறு. குறிப்புகள் கட்டத்தில், 'வீட்டுக்குப் போன பிள்ளைகள் தண்ணீரோடு திரும்பி வந்தார்கள்' என்று மட்டும் எழுதினார். மையம் இன்றும் நடக்கிறது.

போன மாதம் சார் ஓய்வு பெற்றார். எங்கள் ஆபீஸ் லட்சணம் ஊருக்கே தெரியும். வேலை நேரம் முடியும்போது பாதிப்பேர் பஸ் ஸ்டாண்டில் இருப்போம். அன்று கழுத்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கேட் வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாப்பா, டைம் ஆயிடுச்சே. யாரும் வூட்டுக்குப் போவலியா?"

எங்களில் ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.