கிட்டுசாமிப் பெரியப்பாவின் திடீர் மரணம்

பெரியப்பாவைத் தீர்த்துவிடுவது என்று சனிக்கிழமை காலை, காபி குடிக்கும்போது முடிவு செய்தேன்.

வேறு வழியில்லை. ஞாயிறன்று கிரிக்கெட் ஃபைனல். அதே ஞாயிறன்று சுகர் லேண்டில் மச்சினன் இளமாறன் வீட்டுக் கிரகப்பிரவேசம். டெக்சாஸில் நாங்கள் இருக்கும் காப்பெல்லிலிருந்து நாலு மணி நேரம் ஃப்ரீவே. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. விசேஷத்துக்குப் போகக் கூடாது. இந்த யோசனை வந்தது முந்தின நாள் நானும் என் மனைவி எழிலரசியும் பார்த்த பிரெஞ்சுப் படத்தால்தான். அதில் ஒரு பணக்காரப் பெரியப்பா சூப் குடித்தபடியே செத்துப்போவார். வீட்டில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்படுவார்கள்.

கரூரில் இருக்கும் கிட்டுசாமிப் பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. யாருக்கும் சந்தேகம் வராது.

"எழில், பெரியப்பா போயிட்டாராம்."

தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ! எப்படிங்க?"

"சூப்..." என்று ஆரம்பித்து, "ஹார்ட் அட்டாக்" என்று முடித்தேன்.

"யாரு சொன்னா?"

"வாட்ஸ்அப் குரூப்ல."

"அதுல நானும்தானே இருக்கேன்?"

"இது ஆம்பளைங்க குரூப்."

தம்பிக்கென்று வாங்கிய வெள்ளிக் குத்துவிளக்கைத் திரும்பப் பெட்டியில் வைத்து மூடினாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஃபைனல், ஃபைனல்தானே?

உள்ளே போனவள் பத்து நிமிஷம் கழித்து டிரிம்மரோடு வந்தாள்.

"மீசையை எடுத்துட்டுக் குளிங்க."

"மீசையா!"

"அவருக்குப் பையன் இல்ல. நீங்கதான் பிள்ளை முறை. ஊர்ல இருந்தா மொட்டையே அடிக்கணும். ஆபீஸ் மீட்டிங் இருக்கேன்னு மீசையோட நிறுத்திக்கறேன்."

இருபத்தாறு வருஷ மீசை. பாஸ்போர்ட்டிலும் கிரீன் கார்டிலும் என்னைவிட அதுதான் தெளிவாக இருக்கும். உண்மையைச் சொன்னால் மானம் போகும். மீசையாவது முளைக்கும். கண்ணாடி முன் நின்று எடுத்தேன். பெரியப்பாவுக்கு வராத கண்ணீர் அப்போது வந்தது.

"படத்துலயும் ரொம்ப அழுதவன்தாங்க கொலைகாரன்" என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினேன். எழிலரசியின் ஒரு கையில் கார் சாவி, இன்னொரு கையில் போன். போனில் வீடியோ கால். அதில் கிட்டுசாமிப் பெரியப்பா, முருங்கைக்கீரை சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்தாங்க, உங்க பையன்கிட்ட பேசுங்க."

பெரியப்பா என் முகத்தையே உற்றுப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏஞ்சாமி, மீசைய எடுத்துப்போட்டு நிக்கற... எங்கிட்டச் சொல்லாம, நம்ம வீட்ல யாருடா போனாங்க?"