டோக்கன் எண் 4127

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அரவிந்தன் அவர்களுக்கு,

திருச்சி கே.கே. நகரிலிருந்து மாமனார் நவநீதன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் தீபாவளிக்கு வந்தபோது என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த லினக்ஸும் சௌக்கியம். சென்னையில் நீங்களும் சுபஸ்ரீயும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இன்று நான் கண்ட அதிசயத்தை ஃபோனில் சொன்னால் பாதியில் "மீட்டிங் மாமா" என்பீர்கள். ஆகையால் கடிதம்.

வளைகாப்புப் பத்திரிகையைப் பன்னிரண்டு மணிக்குள் பாலக்கரையில் முகம்மது கனி பாய் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும், விட்டால் அவருக்கு நாலு நாள் கல்யாண வேலை, நான் சட்டை மாட்டிக்கொண்டு பத்திரிகை இருக்கிற பென்டிரைவை எடுக்கப் போனால் 'உபயோகத்தில் இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் விட மாட்டேன் என்கிறது, மணியோ பதினொன்று. "புடுங்கிட்டுப் போங்களேன், என்ன பெரிய ரயில் எஞ்சினா?" என்கிறாள் அடுப்படியிலிருந்தே உங்கள் அத்தை. பொன்மலை ஒர்க்‌ஷாப் டூல் ரூமில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவனிடம் சொல்கிற பேச்சா இது? அங்கே ஸ்பேனர் எடுப்பவன் அது தொங்கிய ஆணியில் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மாட்டிவிட்டுத்தான் எடுப்பான். சாயங்காலம் ஒரு டோக்கன் தொங்கினாலும் ஆளைப் பிடிக்காமல் நான் ரூமைப் பூட்டியதில்லை.

நீங்கள் அட்டையில் எழுதி ஒட்டிப் போன கட்டளைகளில் முதலாவதான எல்-எஸ்-ஓ-எஃப்பைத் தட்டினேன். மாப்பிள்ளை, உடம்பு சிலிர்த்துவிட்டது! ஆயிரக்கணக்கில் வரிகள், ஒவ்வொன்றிலும் எந்தப் புரோகிராம், யாருடையது, எந்தக் கோப்பை வைத்திருக்கிறது, அதற்கொரு நம்பர். சாட்சாத் என் டோக்கன் பலகை! இந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு ஒர்க்‌ஷாப்பே சத்தமில்லாமல் ஓடுகிறது, ஒருத்தரும் டோக்கன் மாட்டாமல் எதையும் எடுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு பென்டிரைவின் பெயரையும் சேர்த்துத் தட்டினேன், ஒரே வரி வந்தது. எழுதுகிற புரோகிராம், நம்பர் 4127, கையில் நம் பத்திரிகை. யாரோ திறந்துவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள். சர்வீஸில் இருந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். அட்டையில் கடைசியாக இருந்த 'கில்' கட்டளையால் 4127ஐ நிறுத்தினேன், பென்டிரைவ் சமத்தாக வெளியே வந்தது, பதினொன்றே முக்காலுக்குக் கனி பாய் கையில் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தும் ஆசை அடங்கவில்லை. டூல் எண்ணி முடித்தால் கதவு பார்ப்பது எங்கள் வழக்கம். அட்டையில் இரண்டாவதாக இருந்த எஸ்-எஸ் கட்டளையைப் போட்டால், வெளியே இருந்து வருவதற்கான வாசல்களையும் வரிசையாகக் காட்டுகிறது! அதில் 22ஆம் வாசல் ஊருக்கே திறந்து கிடந்தது. காவலில்லாத கதவை நான் விடுவேனா? அதை மூடும் வழியை இன்டர்நெட்டில் தேடி, அடைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போய் உங்கள் அப்பா ரங்கநாதன் அவர்களையும் அம்மாவையும் முறையாக அழைக்கிறோம். ரங்கநாதர் கிருபையில் பிள்ளை சுகமாகப் பிறந்து, உங்கள் மூளையோடும் என் ஒழுங்கோடும் நூறு வயது வாழட்டும்.

அன்புள்ள மாமா,
நவநீதன்

பி.கு.: மறுநாள் காலை. கடிதத்தை ஒட்டப் போகையில் பத்திரிகைக் கட்டு வந்தது, முந்நூறு. உங்கள் அத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "எங்கங்க சம்பந்தி பேரு?" என்றாள். நேற்றுக் காலை உங்கள் அம்மாவிடம் ஃபோனில் கேட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பதினோரு பேரையும் வயசு வரிசையில் அடித்திருக்கிறாள். "சேவ் பண்றதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சிருச்சு, வந்து பாத்தா நீங்க கெளம்பிப் போயிட்டீங்க." அந்த 4127 உங்கள் அத்தைதான், நான் நிறுத்தியதில் பதினோரு பெயரும் காணாமல் போய்விட்டன. மறுபடி உங்கள் அம்மாவிடம் கேட்க எங்களுக்கு முகமில்லை. ஃபோனில் சொன்னால் சுபஸ்ரீ காதில் விழுந்து அடுத்த நிமிஷம் மாமியாருக்குப் போய்விடும். வழக்கம்போல் சென்னையிலிருந்தே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து நீங்களே அடித்துவிடலாம் என்றால், நீங்கள் வருகிற வாசல் அந்த 22தானாம், திறக்கிற கட்டளை அட்டையில் இல்லை, இன்டர்நெட்டில் தேடியும் எனக்குப் பிடிபடவில்லை. ஆகையால் பதினோரு பெயரையும் எழுதிக்கொண்டு உடனே ரயிலேறவும். தயவுசெய்து ஸ்ரீரங்கத்தில் இறங்க வேண்டாம், நேரே ஜங்ஷனுக்கு வந்துவிடுங்கள். உங்கள் அப்பா காலை நடைக்கு அந்த ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்துக்குத்தான் வருவார்.